கழுத்துத் தசைகளை விரலால் படிப்பது எப்படி? மசாஜ் பயில்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கழுத்துத் தசைகளின் பட்டியலை ஒரே இரவில் மனப்பாடம் செய்துவிடலாம். எங்கே தொடங்குகிறது, எங்கே போய் ஒட்டுகிறது, என்ன வேலை செய்கிறது என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். மறுநாள் வகுப்பில் ஒருவரைப் படுக்கவைத்து, "லெவேட்டர் ஸ்கேபுலே மேல் விரலை வை" என்று சொன்னால், அதே மாணவர் அந்தத் தசையை மூடியிருக்கும் ட்ரெபீசியஸ் மேல் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு குழுவிலும் இதைப் பார்க்கிறேன்.

படித்த வரிசை தலைகீழாக இருப்பதுதான் காரணம். சரியான வரிசை இது: முதலில் எலும்பு, பிறகு அசைவு, பிறகு தசை, கடைசியில்தான் அழுத்தம். இந்த வரிசையை மாற்றாமல் போனால், ஒரு வாரத்தில் முக்கியமான தசைகள் எல்லாம் விரலுக்குப் பிடிபட்டுவிடும்.

ஒரு விதியை மட்டும் கடைசிவரை விடாதீர்கள். நீங்கள் தொட்டிருப்பது எந்தத் தசை என்பதை அசைவுதான் உறுதி செய்ய வேண்டும். படுத்திருப்பவரை அந்தத் தசைக்கே உரிய சிறு அசைவைச் செய்யச் சொல்லுங்கள். விரலுக்கு அடியில் இறுகினால் சரியான இடம். இறுகவில்லை என்றால் விரலை நகர்த்துங்கள். அதிகமாக அழுத்திப் பார்ப்பது விடையாகாது.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

முகம் வைக்கத் துளை உள்ள மசாஜ் படுக்கை, சுருட்டிய துண்டு, எலும்புக்கூடு மாதிரி அல்லது பெரிய அளவில் அச்சிட்ட எலும்புப் படம், ஒரு ஐப்ரோ பென்சில், தையல் சாமான் கடையில் கிடைக்கும் அரை அங்குல எலாஸ்டிக் இரண்டு மீட்டர், ஒரு நோட்டு. பயிற்சிக்கு உடன் படிக்கும் ஒருவர்.

எண்ணெய் வேண்டாம். தசையைத் தேடும்போது எண்ணெய் இருந்தால் விரல் வழுக்கி அடுத்த தசைக்குப் போய்விடும், போனதே உங்களுக்குத் தெரியாது. தேடி முடித்த பிறகு, பென்சில் கோட்டை அழிக்கத் தேங்காய் எண்ணெய் உதவும்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கழுத்துத் தோல் மெல்லியது. நகம் பட்டால் படுத்திருப்பவர் தன்னையறியாமல் தோளைத் தூக்குவார். அவர் தோளைத் தூக்கிய நொடியில் நீங்கள் தேடும் தசைகள் எல்லாம் ஒன்றாக இறுகிவிடும், பிறகு எதையும் பிரித்தறிய முடியாது. கை சில்லென்று இருந்தாலும் இதேதான் நடக்கும்.

2. தொடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

நம் ஊரில் வருபவர்கள் பெரும்பாலும் "நரம்பு பிடிச்சுக்கிச்சு" என்றுதான் சொல்வார்கள். பேச்சுத் தமிழில் நரம்பு என்றால் நரம்பும் அதுதான், புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் அதுதான், விறைத்த தசையும் தசைநாணும் அதுதான். அந்த ஒரு சொல்லை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். "எங்கே என்று ஒரு விரலால் காட்டுங்கள். வலியா, மரத்துப்போகிறதா, சுரீரென்று கைக்கு இறங்குகிறதா?" என்று கேளுங்கள். விரல் வரை மரத்துப்போவதும், கையில் பிடி தளர்வதும் தசை விறைப்பை விட வேறு ஏதோ இருக்கலாம் என்பதற்கான அடையாளம்.

பின்வருபவை இருந்தால் கழுத்தில் கை வைக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்: இதுவரை வந்திராத, திடீரென்று தொடங்கிய கடும் தலைவலி அல்லது கழுத்துவலி, அதோடு சேர்ந்து தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம், முகம் மரத்தல், அண்மையில் விழுந்தது அல்லது வண்டி விபத்து, காய்ச்சலோடு கழுத்தைக் குனியவே முடியாத விறைப்பு, கை கால் பலவீனம், காரணம் தெரியாத கட்டி.

முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு கழுத்து முள்ளெலும்புகளைப் பிணைக்கும் தசைநார் தளர்ந்திருக்கக்கூடும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள், கழுத்துத் தமனியில் அடைப்பு என்று சொல்லப்பட்டவர்கள் ஆகியோருக்கும் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது.

"அப்படியே ஒரு நெட்டி எடுத்துவிடுங்க" என்று கேட்பவர்கள் கட்டாயம் வருவார்கள். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துத் திருப்பிவிடும் பழக்கத்தின் தொடர்ச்சி அது. செய்யாதீர்கள். மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி ஒவ்வொரு பக்கமும் 6-ஆவது கழுத்து முள்ளெலும்பிலிருந்து 1-ஆவது வரை எலும்புத் துளைகளுக்குள் ஏறி, மேலே வளைந்து மண்டைக்குள் போகிறது. சடக்கென்று திருப்பும்போது அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். மறுக்கும்போது இந்தக் காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் சலூனிலும் வேண்டாம் என்பார்.

3. எலும்பு அடையாளங்கள்

கழுத்தில் 7 முள்ளெலும்புகள். சி1 முதல் சி7 வரை. பின்னால் நடுக்கோட்டில் தட்டுப்படுவதைப் பின்முள் என்றும், பக்கவாட்டில் நீட்டியிருப்பதைப் பக்கமுள் என்றும் இங்கே சொல்கிறேன்.

பின்மண்டையின் நடுவில் விரலை வைத்துக் கீழே வாருங்கள். ஒரு சிறு புடைப்பு வரும், அது பிடரி மேடு. அங்கிருந்து இன்னும் கீழே வந்தால் ஒரு பள்ளம், அதைத் தாண்டியதும் கெட்டியாக ஒரு முள். அது சி2. மாணவர்கள் இதைச் சி1 என்று எண்ணிவிடுகிறார்கள். சி1-க்குப் பின்முள் கிடையாது, சிறு முடிச்சு மட்டுமே, அது பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். இங்கே ஒன்று தவறினால் கீழே எண்ணுவது எல்லாம் ஒவ்வொன்று தவறும்.

காதுக்குப் பின்னால் உள்ள கெட்டியான எலும்பு மாஸ்டாய்டு மேடு. சில முக்கியத் தசைகளை இதை வைத்துத்தான் தேடப்போகிறோம், ஆகவே பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். மாஸ்டாய்டுக்கும் தாடை மூலைக்கும் இடையே உள்ளே தட்டுப்படுவது சி1-இன் பக்கமுள். இறகு வைப்பதுபோல் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிடுங்கள். அதற்குச் சற்று முன்னால் ஸ்டைலாய்டு என்ற மெல்லிய ஊசிபோன்ற எலும்பு இருக்கிறது, அங்கே அழுத்தக்கூடாது.

கழுத்தின் அடியில் துருத்தித் தெரிவது சி7 என்று புத்தகம் சொல்லும். சிலருக்கு அதற்குக் கீழே உள்ள முதல் மார்பு முள்ளெலும்புதான் அதிகம் துருத்தும். சோதிக்க ஒரு வழி உண்டு: துருத்தும் முள்ளில் ஒரு விரல், அதற்கு மேலே உள்ளதில் ஒரு விரல். மெதுவாகத் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். சி6 முன்னோக்கி நழுவி விரலிலிருந்து மறையும், சி7 நிற்கும். மேல் விரலுக்கு அடியில் மறைந்தால் கீழே இருப்பது சி7.

அடுத்தது தோள்பட்டை எலும்பின் மேல்மூலை. நேரடியாக அங்கே போகாதீர்கள், தடித்த ட்ரெபீசியஸ் ஏமாற்றிவிடும். தோள்பட்டை எலும்பின் குறுக்கே ஓடும் மேட்டை வெளிப்பக்கத்திலிருந்து பிடித்து முதுகெலும்பை நோக்கி வாருங்கள். மேடு முடியும் இடத்திலிருந்து உள்விளிம்பைப் பிடித்து மேலே ஏறினால் மூலை வரும்.

முன்பக்கம் காறை எலும்பு, அதன் உள்முனை, இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவே உள்ள பள்ளம், இவ்வளவு போதும். குரல்வளை மேட்டின் மேல்விளிம்பு ஏறத்தாழ சி4 மட்டத்தில் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏன் என்று 6-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

4. அசைவுகளைப் பார்த்து எழுதுதல்

நாற்காலியில் உட்காரவைத்து ஆறு அசைவுகள்: குனிதல், அண்ணாத்தல், வலம் இடமாகச் சாய்த்தல், வலம் இடமாகத் திருப்புதல். ஆரோக்கியமான இளைஞருக்குக் குனிதல் ஏறத்தாழ 50 பாகை, சாய்த்தல் பக்கத்துக்கு 45, திருப்புதல் பக்கத்துக்கு 80 வரை. வயது கூடக் கூட இது குறையும். ஆகவே எண்ணைவிட இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள்.

மேல் கழுத்தும் கீழ்க் கழுத்தும் ஒரே வேலையைச் செய்வதில்லை. "ஆமாம்" என்று தலையசைப்பது பெரும்பாலும் மண்டையோட்டுக்கும் சி1-க்கும் இடையில். "இல்லை" என்று திருப்புவதில் ஏறத்தாழப் பாதி சி1, சி2 இடையில் மட்டுமே நடக்கிறது. நாம் "சரி சரி" என்று தலையை இருபுறமும் ஆட்டுகிறோமே, அது பக்கவாட்டுச் சாய்வு. மூன்றையும் நீங்களே செய்து பாருங்கள், பிடரியில் விரலை வைத்துக்கொண்டு.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை, திருப்பச் சொன்னால் தோளோடு சேர்ந்து திரும்புவதைக் கவனிக்காமல் விடுவது. அவர் தோள்மேல் உங்கள் கை லேசாக இருக்கட்டும்.

5. முகம் எந்தப் பக்கம் திரும்பும்?

திருப்பும் தசைகளில்தான் குழப்பம் அதிகம். சில தசைகள் தன் பக்கமே முகத்தைத் திருப்பும், சில எதிர்ப்பக்கம் திருப்பும். மனப்பாடம் செய்தால் தேர்வறையில் மாறிவிடும். எலாஸ்டிக்கை எடுங்கள்.

எலும்புக்கூட்டின் வலது மாஸ்டாய்டில் ஒரு முனை, மார்பெலும்பின் மேல்விளிம்பில் மறுமுனை. எலாஸ்டிக் சுருங்கினால் மாஸ்டாய்டு முன்னோக்கி இழுபடும். மாஸ்டாய்டு முன்னால் வந்தால் முகம் இடப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும். இதுதான் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு.

இப்போது அதே வலது மாஸ்டாய்டிலிருந்து பின்னால் சி7 முள்ளுக்குக் கட்டுங்கள். சுருங்கினால் மாஸ்டாய்டு பின்னோக்கி நடுக்கோட்டை நாடிப் போகும், முகம் வலப்பக்கம் திரும்பும். இது ஸ்ப்ளீனியஸ் கேபிடிஸ்.

மூன்றாவதாகப் பிடரி மேட்டிலிருந்து வலது காறை எலும்பின் வெளிமுனைக்கு. பின்மண்டை வலது தோளை நோக்கி இழுபடும், முகம் இடப்பக்கம். இது மேல் ட்ரெபீசியஸ்.

எலும்புக்கூடு இல்லையா? உங்கள் மாஸ்டாய்டில் ஒரு விரல், மார்பெலும்பில் ஒரு விரல் வைத்துத் தலையைத் திருப்புங்கள். எந்தத் திசையில் இரண்டு விரலும் நெருங்குகின்றனவோ அதுதான் அந்தத் தசையின் வேலை. எந்தத் தசைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

6. முதல் தசை: ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு

சுருக்கமாக எஸ்.சி.எம். கழுத்தின் மற்ற தசைகளையெல்லாம் இதற்கு முன்னால், இதற்குப் பின்னால் என்றுதான் அடையாளம் சொல்லப்போகிறோம். ஆகவே இதுவே முதலில்.

கீழே இரண்டு தலைகள். ஒன்று மார்பெலும்பில், கயிறுபோல். மற்றது காறை எலும்பின் உள்பக்க மூன்றில் ஒரு பங்கில், பட்டையாக. இரண்டும் சேர்ந்து மாஸ்டாய்டிலும் அதற்குப் பின்னால் மண்டையோட்டு விளிம்பிலும் ஒட்டுகின்றன. இயக்குவது பதினோராவது மண்டை நரம்பு.

ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் தலை தன் பக்கம் சாயும், முகம் எதிர்ப்பக்கம் திரும்பும். இரண்டும் சேர்ந்தால் கீழ்க் கழுத்து முன்னால் வளையும், மேலே மண்டை அண்ணாக்கும். கைபேசி பார்ப்பவர் தலை முன்னே நீண்டு மோவாய் நிமிர்ந்திருப்பது இந்தக் கோலம்தான். மேல்மூச்சு வாங்கும்போது மார்பெலும்பைத் தூக்கவும் இது உதவும்.

கண்டுபிடிக்க: மல்லாக்கப் படுக்கவையுங்கள். வலது தசை வேண்டுமென்றால் முகத்தை இடப்பக்கம் திருப்பி, தலையைப் படுக்கையிலிருந்து ஒரு தாள் நுழையும் அளவு மட்டும் தூக்கச் சொல்லுங்கள். தசை தானே எழுந்து நிற்கும். இரு விளிம்பையும் பென்சிலால் வரையுங்கள். இப்போது தலையைக் கீழே வைக்கச் சொல்லி, முகத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, தலையைத் தசை இருக்கும் பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். தசை தளரும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பூரிமாவை எடுப்பதுபோல் மெதுவாகத் தூக்கிப் பிடியுங்கள்.

தூக்கிப் பிடிக்க வேண்டும், உள்ளே அழுத்தக்கூடாது. இந்தத் தசைக்கு அடியில் கரோடிட் தமனி ஓடுகிறது. குரல்வளை மேட்டின் மேல்விளிம்பு மட்டத்தில் அது இரண்டாகப் பிரியும் இடத்தில், இரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்வு நரம்பு முனைகள் உள்ளன. அங்கே அழுத்தினால், இரத்த அழுத்தம் ஏறிவிட்டதாக உடல் எண்ணி இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். ஒரு வகுப்பில் ஒரு மாணவி ஆர்வத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கட்டைவிரலை ஊன்றிவிட்டாள். படுத்திருந்த பெண் "அக்கா, கண்ணு இருட்டுது" என்றாள். முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கையை எடுத்து, காலைத் தூக்கி வைத்ததும் சில நிமிடங்களில் சரியானாள். பக்கத்து மேசையில் நான் இருந்தும் தடுக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. அன்றிலிருந்து "ஒரு நேரத்தில் ஒரு பக்கம்" என்பதை மாணவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் இந்தப் பாடத்தைத் தொடங்குவதில்லை.

விரலுக்கு அடியில் நாடித்துடிப்பு தெரிந்தால் நீங்கள் தசையை விட்டு உள்ளே போய்விட்டீர்கள் என்று பொருள். உடனே விடுங்கள்.

இந்தத் தசையில் உள்ள முடிச்சுகளைப் பிடித்தால் வலி நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் காதிலும் தெரியலாம், சிலருக்குத் தலை சுற்றலாம். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள்.

7. மேல் ட்ரெபீசியஸும் லெவேட்டர் ஸ்கேபுலேயும்

இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று மற்றதை மூடியிருக்கிறது.

மேல் ட்ரெபீசியஸ் பிடரி மேட்டிலும் கழுத்தின் பின் நடுக்கோட்டிலும் தொடங்கிக் காறை எலும்பின் வெளி மூன்றில் ஒரு பங்கிலும் தோள்முனையிலும் ஒட்டுகிறது. தோளைத் தூக்கும். தோள் நிலையாக இருந்தால் தலையைத் தன் பக்கம் சாய்த்து, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பும். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே பிடித்தால் கையில் வருவது இதன் விளிம்பு. கழுத்தின் பின்புறம் போகப்போக இது மெலிந்து, நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையாகிவிடும். பின் கழுத்தில் கையில் உருளும் தடித்த கயிற்றை ட்ரெபீசியஸ் என்று சொல்வது தவறு. அது இன்னும் ஆழத்தில் உள்ளது, அடுத்த பகுதியில் வரும்.

லெவேட்டர் ஸ்கேபுலே சி1 முதல் சி4 வரையிலான பக்கமுட்களிலிருந்து இறங்கித் தோள்பட்டை எலும்பின் மேல்மூலையில் ஒட்டுகிறது. "காலையில எழுந்திரிச்சதுமே கழுத்தைத் திருப்ப முடியல, தலையணை சரியில்ல" என்று ஒருவர் வந்து, கழுத்தடியில் தோள்பட்டை மூலையைத் தொட்டுக் காட்டினால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தோள்பட்டை எலும்பைத் தூக்கும். அது நிலையாக இருந்தால் தலையைத் தன் பக்கம் சாய்க்கும், தன் பக்கமே திருப்பும்.

இரண்டும் தோளைத் தூக்குகின்றன, எப்படிப் பிரிப்பது? குப்புறப் படுத்தவரின் கையை மடக்கிப் புறங்கை இடுப்பின் மேல் இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். இந்த நிலையில் தோள்பட்டை எலும்பு கீழ்நோக்கிச் சுழல்கிறது. அது லெவேட்டரின் வேலை, ட்ரெபீசியஸின் வேலைக்கு எதிரானது. ஆகவே ட்ரெபீசியஸ் தளர்ந்திருக்கும். மேல்மூலைக்குச் சற்று மேலே விரலை வைத்து, தோளைச் சிறிதளவு, விட்டுவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள். ட்ரெபீசியஸ் வழியாக ஒரு நாடா துடிப்பது தெரியும். பெரிதாகத் தூக்கச் சொன்னால் ட்ரெபீசியஸும் சேர்ந்துகொண்டு எல்லாம் கெட்டுவிடும். மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

துடிப்பைப் பிடித்ததும் அந்த நாடாவைப் பின்தொடர்ந்து கழுத்துவரை ஏறுங்கள். எஸ்.சி.எம் பின்விளிம்புக்கும் ட்ரெபீசியஸ் முன்விளிம்புக்கும் இடையே அது மேலே வெளிப்படும். அங்கே எஸ்.சி.எம்-ஐ ஒட்டிப் போகாதீர்கள். பதினோராவது மண்டை நரம்பு அந்தப் பள்ளத்தில் தோலுக்குச் சற்று அடியிலேயே ஓடுகிறது.

8. ஸ்ப்ளீனியஸும் செமிஸ்பைனாலிஸும்

மாஸ்டாய்டுக்குச் சற்றுக் கீழே பின்பக்கமாக விரலை வையுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னால் முன்பக்கம் எஸ்.சி.எம் இறுகும். தன் பக்கம் திருப்பச் சொல்லி, கன்னத்தில் உங்கள் கையால் லேசாகத் தடுத்தால் அதற்குப் பின்னால் உள்ள ஸ்ப்ளீனியஸ் இறுகும். ஒரே இடத்தில் இரண்டு எதிர் அசைவுகள். 5-ஆம் பகுதியில் எலாஸ்டிக் காட்டிய கணக்கை விரல் உறுதி செய்கிறது.

பின் கழுத்தில் நடுக்கோட்டின் இருபுறமும் கையில் தடியாக உருள்வது பெரும்பாலும் செமிஸ்பைனாலிஸ் கேபிடிஸ். மார்பு முள்ளெலும்புகளின் பக்கமுட்களிலிருந்து ஏறிப் பின்மண்டையில் ஒட்டுகிறது. வேலை, தலையை அண்ணாக்குவது, குனிந்திருக்கும்போது தலை விழாமல் பிடிப்பது. தலையின் எடை 4.5 முதல் 5 கிலோ. நாள் முழுக்கத் தையல் மிஷினிலோ மடிக்கணினியிலோ குனிந்திருப்பவரின் தலையைத் தாங்குவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. குப்புறப் படுத்தவரைத் தலையைத் துளி தூக்கச் சொன்னால் எழும்.

பின்மண்டைக்குப் போகும் பெரிய உணர்வு நரம்பு இந்தத் தசையைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அங்கே அழுத்தும்போது மண்டையின் மேல் வரை சுரீரென்று ஓடினால் அழுத்தத்தை எடுத்து விரலை ஒரு விரற்கடை நகர்த்துங்கள்.

9. ஸ்கேலீன்: அவசரப்படக் கூடாத இடம்

மூன்று தசைகள். முன், நடு ஸ்கேலீன்கள் கழுத்தின் பக்கமுட்களிலிருந்து முதல் விலா எலும்புக்கும், பின் ஸ்கேலீன் இரண்டாவது விலா எலும்புக்கும் இறங்குகின்றன. தலையைத் தன் பக்கம் சாய்க்கும், மூச்சிழுக்கும்போது விலா எலும்பைத் தூக்கும்.

கைக்குப் போகும் நரம்புப் பின்னல் முன், நடு ஸ்கேலீன்களுக்கு இடையில்தான் வெளியே வருகிறது. கைக்கான தமனியும் அதே இடைவெளியில். உதரவிதானத்தை இயக்கும் நரம்பு முன் ஸ்கேலீனின் முன்முகத்தில் இறங்குகிறது. இவ்வளவும் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில். அதனால்தான் மற்ற தசைகள் கைவந்த பிறகு இதைத் தொடச் சொல்கிறேன்.

மல்லாக்கப் படுக்கவைத்து, எஸ்.சி.எம்-இன் காறை எலும்புத் தலைக்கு வெளிப்பக்கம், காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் இரண்டு விரல் நுனிகளை வையுங்கள். மூடிய கண் இமையின் மேல் விரல் வைத்தால் எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவு போதும். மூக்கால் சின்னச் சின்னதாக, மல்லிகையை முகர்வதுபோல் வேகமாக மூச்சிழுக்கச் சொல்லுங்கள். விரலுக்கு அடியில் துடிப்பது ஸ்கேலீன்.

கையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றால் நரம்பின் மேல் இருக்கிறீர்கள். நாடி துடித்தால் தமனியின் மேல். இரண்டுக்கும் விடை ஒன்றே, விரலை எடுத்து இடம் மாற்றுவது. "கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல்லக் கூடாத இடம் இது.

10. பிடரிக்கு அடியில் உள்ள நான்கு சிறு தசைகள்

மண்டையோடு, சி1, சி2 மூன்றுக்கும் இடையே பக்கத்துக்கு நான்கு. பெரிய, சிறிய ரெக்டஸ்கள். மேல், கீழ் ஆப்ளிக்குகள். சிறியவை, ஆனால் தலையின் நிலையை மூளைக்குச் சொல்லும் உணர்கருவிகள் இவற்றில் மிக அடர்த்தி. மேல் கழுத்தை அண்ணாக்குவதும் நுண்ணிய திருப்பங்களும் இவற்றின் வேலை. பெரிய ரெக்டஸும் கீழ் ஆப்ளிக்கும் முகத்தைத் தன் பக்கமே திருப்பும்.

மல்லாக்கப் படுத்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, இரு கை விரல் நுனிகளையும் பின்மண்டை விளிம்புக்குச் சற்றுக் கீழே நிமிர்த்தி வையுங்கள். கண்ணை மூடி, தலையை அசைக்காமல் விழிகளை மட்டும் புருவத்தை நோக்கி உயர்த்தச் சொல்லுங்கள். மிக மெல்லிய துடிப்பு தெரியும். முதல் முறை தெரியாமல் போகலாம். உங்கள் விரல்கள் இறுகியிருந்தால் தெரியவே தெரியாது.

இங்கே நீங்கள் அழுத்த வேண்டியதில்லை. தலை தன் எடையால் விரல்மேல் இறங்கட்டும். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே இருங்கள். இந்தத் தசைகளின் முக்கோணத்துக்குள்தான் முதுகெலும்புத் தமனி வளைந்து போகிறது. தலையை அண்ணாக்கித் திருப்பிவைத்து இங்கே ஊன்றுவது ஆபத்தானது.

11. முன் கழுத்து: கண்ணால் மட்டும்

முள்ளெலும்புகளின் முன்முகத்தை ஒட்டி லாங்கஸ் கோலி, லாங்கஸ் கேபிடிஸ் உள்ளன. மோவாயை உள்ளிழுத்துத் தலையைக் குனிய வைப்பவை. உணவுக்குழாயும் கரோடிட்டும் வழியில் இருப்பதால் பயிலும் காலத்தில் தொடக் கூடாது. தொடாமலே சோதிக்கலாம். மல்லாக்கப் படுத்தவரைத் தலையைத் தூக்காமல் "ஆமாம்" என்பதுபோல் மெதுவாக மோவாயை இறக்கிப் பத்து வினாடி பிடிக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே எஸ்.சி.எம் விறைத்து எழுந்தால் ஆழ்தசைகளின் வேலையை அது செய்கிறது. அவருக்கு மசாஜோடு பயிற்சியும் தேவை என்று பிசியோதெரபிஸ்டைப் பார்க்கச் சொல்லலாம்.

12. வேலை செய்யும் வரிசை

படித்த வரிசை வேறு, ஆளை வைத்து வேலை செய்யும் வரிசை வேறு. முதலில் குப்புற: ட்ரெபீசியஸ், லெவேட்டர், ஸ்ப்ளீனியஸ், செமிஸ்பைனாலிஸ். மேல்தசை இளகிய பிறகே அடித்தசை விரலுக்கு எட்டும். இறுகிய ட்ரெபீசியஸை ஊடுருவி லெவேட்டரைத் தேடினால் வலிதான் மிஞ்சும். பிறகு மல்லாக்க: பிடரித் தசைகள், எஸ்.சி.எம், கடைசியில் ஸ்கேலீன். அதற்குள் அவர் உங்கள் கையை நம்பியிருப்பார், மூச்சும் நிதானப்பட்டிருக்கும்.

வலிக்கும் இடத்தையே முழு நேரமும் பிசைவது புதியவர்களின் வழக்கம். மறுநாள் அவர் இன்னும் வலியோடு வருவார். அழுத்திப் பிசையும்போது ஒரு புள்ளியில் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். விட்டு, சுற்றி, திரும்பி வாருங்கள்.

முடிந்ததும் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, மெதுவாக எழச் சொல்லுங்கள். நேராக எழுந்தால் தலைசுற்றலாம், இளக்கிய எஸ்.சி.எம்-ம் உடனே இறுகும். இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகு 4-ஆம் பகுதியின் ஆறு அசைவுகளையும் மறுபடி பாருங்கள்.

நோட்டில் முன்னும் பின்னும் உள்ள அளவை அடுத்தடுத்து எழுதுங்கள். எந்தத் தசை, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், எந்த அசைவை வைத்து உறுதி செய்தீர்கள், எங்கே சுரீரென்றது என்று எல்லாம். அடுத்த வாரம் அவர் வந்து உட்காரும்போது, "எங்கே வலிக்குது?" என்று கேட்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து வையுங்கள்.